கேக்குதுல்ல?

— இன்னும் அதே சத்தமாக்கா?

— அதேதான்டா. அதுக்காகத்தான் உன்னை வரச்சொன்னது. கம்ப்யூட்டர்ல புது ஓ.எஸ். போட்டா போயிடுமாம்.

— யார் சொன்னா?

— உங்க மாமாதான். வேற யார் சொல்லப்போறா?

— நல்லா இருக்கே கதை! நான் இந்த ஸ்டூடியோவை விட்டுப் போனப்போ அது கேபிள்ல வருதுன்னாரு. நான் வயர் சுத்தற லட்சணத்துல வருதுன்னாரு. இப்ப ஓ.எஸ்.ஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சா?

— கேபிளெல்லாம் மாத்தியாச்சு. அப்புறம் டியூப்லைட்டு. அப்புறம் ஏ.சி. சவுண்ட் கார்டு போச்சு, ஸ்பீக்கர் போச்சு. இதுக்கு நடுவுல கீழ லாண்டரிக்காரர்கிட்ட போய், உங்க மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கன்னு கெஞ்சினோம். மேல் வீட்டுல மீன் தொட்டி வெச்சிருக்காங்க. அதுக்குக் காத்து விடற மோட்டார்னாரு. அதையும் நிறுத்தச் சொன்னோம். அவங்க நிறுத்திட்டு மறந்துட்டாங்க. பாவம்டா, அதுல ஒரு மீன் செத்தே போச்சு.

— அடப்பாவமே!

— அந்த வீட்டுக் குட்டிப்பொண்ணு இப்பவும் படியில என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கும். நான்தான் போய் நிறுத்தச் சொன்னவ. அவரா போனார்?

— சரி, ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லணும். உனக்குக் கேக்குதா?

— எது?

— எதுவா? அந்தச் சத்தம்தான்க்கா.

— கேக்கும். லேசா.

— லேசான்னா? இடது பக்கமா வலது பக்கமா?

— எனக்கென்னடா தெரியும் இடதும் வலதும்? பூத்துக்குள்ள போனா பாடுவேன். வெளிய வந்தா பில் போடுவேன். டீ வெக்கட்டுமா?

— பேச்சை மாத்தாத. இங்க வா, இந்த ஸ்கிரீனைப் பாரு. மைக்கைத் திறந்து வெச்சிருக்கேன். ரூம்ல எங்க கீச்சுன்னு ஒரு சத்தம் இருந்தாலும் இந்தக் கோட்டுல முள்ளு மாதிரி எழும்பி நிக்கும். நிக்குதா?

— நிக்கல.

— இப்ப விசிலடிக்கறேன் பாரு... நின்னுச்சா?

— நின்னுச்சு.

— விசிலை நிறுத்திட்டேன். இப்ப?

— படுத்துடுச்சு. அது கிடக்கட்டும்டா. இதையெல்லாம் காட்டினா ஒத்துக்குவாரா? 'கோட்டைப் பாத்தா பாட்டுப் போடறோம்? காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?'ம்பார். உனக்குத் தெரியாததா?

— நல்லாத் தெரியும். அந்தக் காதாலதான நான் வெளிய போனேன்.

— மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

— அக்கா, நான் ஒரு மெக்கானிக் மாதிரி சொல்றேன், மச்சானா சொல்லல. இந்த மெஷினுக்குப் புது ஓ.எஸ். வேணாம். இது பழைய பெட்டி. இந்தப் பழைய ஓ.எஸ்.ல நின்னு நிதானமா ஓடுது. பாட்டு ரெக்கார்ட் பண்ற கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருக்கிறதைத் தொடக்கூடாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே மாமாதான். 'புதுசு வந்துடுச்சுன்னு பல்லை இளிச்சுக்கிட்டு அமுக்கிடாதடா, அமுக்கினா ஸ்டூடியோவை இழுத்துச் சாத்தணும்'பாரு. அவரா இதைப் போடச் சொல்றாரு?

— ஆமாடா. ஒரு வாரமா இதே பேச்சு. போட்டே ஆகணும்னு நிக்கறார்.

— போட்டா அவரோட எக்கோ போயிடும். தெரியுமா உனக்கு?

— எந்த எக்கோ?

— எந்த எக்கோன்னு கேக்கறியே! நீ பாடினா மண்டபத்துல நின்னு பாடற மாதிரி ஒரு கார்வை வருமே, அது. ஊர்ல எந்த ஸ்டூடியோவுலயும் இல்லாத எக்கோ. அதைச் செஞ்ச கம்பெனி எப்பவோ மூடியாச்சு. பழைய ஓ.எஸ்.ல மட்டும்தான் ஓடும். புதுசு போட்டா அன்னியோட அது செத்துச்சு.

— ஐயோ. அதுக்காகத்தானடா ஆளுங்க இங்க வர்றதே.

— அதான் சொல்றேன்.

— அப்ப அவர் வந்ததும் சொல்லு. நீ சொன்னாக் கேப்பார்.

— நான் சொன்னா! என்னக்கா ஜோக்கடிக்கற? என்னை எதுக்குக் கூப்பிட்ட நீ? எங்க கம்ப்யூட்டர் கடை முதலாளியைக் கூப்பிட்டிருந்தா அவரே வந்து போட்டுட்டுப் போயிருப்பாரு.

— நான் அப்படித்தான் சொன்னேன். அவர்தான் வேணாம்னார். 'அவனையே கூப்பிடு. வேற யார் கையும் படக்கூடாது'ன்னார்.

— பொய்.

— சத்தியமாடா. என் வாயால வருமா அந்த மாதிரி? உன் பேரை எடுத்தாலே எந்திரிச்சு பாத்ரூம் போற மனுஷன், அவரா வந்து சொல்றார். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

— அப்ப உள்ள ஏதோ இருக்கு.

— உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். இன்னொண்ணும் சொன்னார். நாளைக்குக் காலைல எல்லாரையும் வரச்சொல்லியிருக்கார். உன்னையும் இருக்கச் சொன்னார்.

— எல்லாரையும்னா?

— விளம்பரக் கம்பெனி மேடம், கீபோர்டு வாசிக்கிற சோடாபுட்டி, புல்லாங்குழல்காரர்...

— அன்னிக்கு இருந்த அதே ஆளுங்க.

— ஆமா... அதே ஆளுங்கதான். எனக்கு அது தோணவே இல்ல.

— எனக்குத் தோணுதே! நான் வந்து கைய வெப்பேன். சத்தம் போகாது. இல்லாத சத்தம் எப்படிப் போகும்? நாளைக்கு அவங்க முன்னாடி, 'பாத்தீங்களா, இவனுக்கு இதுவும் வராது'ன்னு மறுபடியும் என்னை நிக்க வெச்சு உரிப்பாரு. ஒரு தடவை உரிச்சது பத்தல.

— அப்படியெல்லாம் நினைக்க மாட்டார்டா.

— அன்னிக்கு மட்டும் நினைச்சாரா? ரெக்கார்டிங் நல்லாத்தான் போயிட்டிருந்தது. நிறுத்தினாரு. 'கீ...ன்னு ஒரு சத்தம் வருது, யாருக்கெல்லாம் கேக்குது?'ன்னு கேட்டாரு. வரிசையா எல்லாரும் கேக்குதுன்னாங்க. என்கிட்ட வந்தாரு. நான் கேக்கலன்னேன். எனக்குக் கேக்கலக்கா, என்ன பண்ணச் சொல்ற? 'காதாடா அது? பட்டன் ஓட்டையா?'ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து எனக்குப் பேரே பட்டன்.

— அதை இன்னுமாடா மனசுல வெச்சிருக்க?

— நான் வெச்சுக்கல, ஊர் வெச்சிருக்கு. சோடாபுட்டி போன மாசம் எங்க கடைக்கு வந்தாரு. முதலாளி முன்னாடி, 'என்ன பட்டன், இங்கதான் இருக்கியா?'ன்னாரு. இப்ப கடையிலயும் பட்டன்தான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வர்ற அம்மா கூட, 'தம்பி பட்டன், என் மெஷின் ரெடியா?'ங்குது. நானும் 'ரெடிம்மா'ங்கறேன். வேற என்ன பண்றது?

— எனக்குத் தெரியாதேடா.

— தெரிஞ்சா என்ன பண்ணியிருப்ப? அது இருக்கட்டும். மாமா எப்படி இருக்காரு?

— முன்ன மாதிரி இல்ல. ஹெட்போன் மாட்டறதே இல்ல, தலை வலிக்குதுங்கறார். படுக்கப் போனா ரேடியோ வேணும். பாட்டும் இல்லடா அது, பேச்சும் இல்ல. எந்த ஸ்டேஷனும் கிடைக்காத இடத்துல முள்ளை நிறுத்தி வெச்சுக்குவார். உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். அதைக் கேட்டுக்கிட்டே தூங்குவார். ஒரு சின்ன கீச்சுச் சத்தம் பொறுக்காத மனுஷனுக்கு அந்த இரைச்சல்ல எப்படித் தூக்கம் வருதுன்னு எனக்குப் புரியவே இல்ல.

— எனக்கு ஏதோ புரியற மாதிரி இருக்கு.

— என்ன?

— ஒண்ணுமில்ல. நீ போய் டீயை வை. நான் பின்னாடி மெஷின் இருக்கற ரூம்ல கொஞ்சம் வேலை பாத்துட்டு வரேன்.

— கதவைச் சாத்திக்கோ. அங்க ஒரே தூசி. படியில யாரோ ஏறி வராங்க... அவராத்தான் இருக்கும். டேய், வாயை அடக்கிப் பேசணும், என்ன?

— நான் ஏன் பேசப்போறேன்? வேலையப் பாத்துட்டுப் போறேன்.

— வாங்க. டிஸ்க்கு கிடைச்சுதா?

— கிடைச்சுது. இந்தா. வந்தாச்சா?

— வந்துட்டான்ங்க. பின்னாடி மெஷினைப் பாக்கறான்.

— சாப்ட்டானான்னு கேளு.

— நீங்களே கேளுங்களேன். இதோ, வந்துட்டான்.

— கேளுன்னா கேளேன்.

— டேய், சாப்ட்டியான்னு மாமா கேக்கறார்.

— சாப்ட்டேன்னு சொல்லுக்கா.

— சாப்ட்டானாம்.

— காதுல விழுந்துச்சு.

— விழுந்துச்சுல்ல? அப்புறம் நடுவுல நான் எதுக்கு, ஸ்பீக்கர் மாதிரி?

— எந்த வேலையையும் தொடறதுக்கு முன்னாடி எல்லாப் பாட்டையும் இந்த டிஸ்க்ல காப்பி எடுக்கச் சொல்லு. குழந்தைப் பாட்டெல்லாம் பாதியில நிக்குது. அதுல ஒண்ணு கூடப் போகக்கூடாது.

— எடுக்கறேன். ஆனா மாமாகிட்ட ஒண்ணு சொல்லிடுக்கா. பாட்டைக் காப்பி எடுக்கலாம், எக்கோவைக் காப்பி எடுக்க முடியாது. புது ஓ.எஸ்.ல அது திறக்காது.

— தெரியும்னு சொல்லு.

— தெரியுமா உங்களுக்கு? என்னங்க இது, தெரிஞ்சுமா?

— போனா போகட்டும்.

— போகட்டுமா! அந்த எக்கோவுக்காக என் நகையை... சரி, அதை விடுங்க. அந்த எக்கோதான் உங்க பேருங்க. மேடம் அன்னிக்கு என்ன சொன்னாங்க? 'இந்தக் கார்வைக்காகத்தான் மூணு மாடி ஏறி வரேன்'னு சொல்லல?

— போகட்டும்னு சொல்றேன்ல? புரியுதா இல்லையா? இனிமே வேற ஏதாவது எக்கோ போட்டுக்கலாம்.

— அக்கா, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? நிஜமாத்தான் கேக்கறேன். வேற ஸ்டூடியோ எக்கோவைப் போட்டதுக்காக ஒரு பாட்டையே அழிச்ச மனுஷன் இவரு.

— எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு.

— இன்னொண்ணும் சொல்லிடுக்கா. இந்தப் பெட்டி புதுசைத் தாங்கறதே சந்தேகம். போட்டுட்டா பழசுக்குத் திரும்பறதும் லேசுல நடக்காது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

— திட்ட மாட்டேன்னு சொல்லு.

— சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு அவசரம் எதுக்குன்னு கேளு.

— நாளைக் காலைல அவங்க எல்லாரும் வராங்க. அதுக்குள்ள முடிஞ்சாகணும்.

— அதான பாத்தேன்! கூட்டம் கூட்டினாத்தான ருசிக்கும்? போன தடவை சிரிச்சது பத்தலையான்னு கேளுக்கா.

— டேய்! வாயை மூடு. என்ன சொல்லிட்டு வந்தேன் உன்கிட்ட?

— விடு. அவன் என்ன வேணா சொல்லிக்கட்டும். வேலையை மட்டும் ஆரம்பிக்கச் சொல்லு.

— நீங்க ஏன்ங்க தரையப் பாத்துப் பேசறீங்க?

— கார்ப்பெட்டு நூல் பிரிஞ்சு கிடக்கு, அதைப் பாக்கறேன். நீ சொல்லு அவன்கிட்ட.

— அக்கா, டாக்டர் கூட நோய் இருந்தாத்தான் ஊசி போடுவாரு. சத்தமே இல்லாத மெஷினுக்கு எதுக்கு இந்த வைத்தியம்னு கேளு.

— சத்தம் இல்லையாமா?

— எனக்குக் கேக்கலன்னு சொல்லு. அன்னிக்கும் கேக்கல. இன்னிக்கும் கேக்கல.

— அதெப்படிக் கேக்காம இருக்கும்? இதோ. இப்ப இந்த நிமிஷம் ஓடிட்டிருக்கே, கீ...ன்னு. ஸ்பீக்கர் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு. இந்த வலது பக்க ஸ்பீக்கர். உனக்குக் கேக்குதுல்ல?

— ம்.

— ம்முன்னா?

— கேக்குதுங்க. லேசா... இன்னிக்குக் கொஞ்சம் கூடவே கேக்குது.

— அக்கா.

— என்னடா?

— நான் பின்னாடி போனேன்ல? மெஷினை அணைச்சுட்டு யூ.பி.எஸ்ஸையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன்.

— அப்படின்னா?

— கம்ப்யூட்டர்ல கரன்ட் இல்ல. சவுண்ட் கார்டுல இல்ல. இந்த ஸ்பீக்கர்ல இல்ல. ரெண்டு பேரும் செத்த பெட்டி முன்னாடி நின்னுட்டிருக்கீங்க.

— ஸ்கிரீன் தூங்கிடுச்சுன்னு நினைச்சேன்டா.

— தூங்கலக்கா. ஆஃப்.

— ஏங்க... ஏங்க, உக்காருங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு. டேய், ஃபேனைப் போடு.

— வேணாம்.

— தண்ணியாவது குடிங்க.

— நீ கேக்குதுன்னியே.

— சொன்னேன்.

— கூடவே கேக்குதுன்னியே.

— சொன்னேன்ங்க. பூமி வாயைப் பிளந்தா உள்ள போயிடலாம்னு இருக்கு.

— உன்னைப் பிடிக்கணும்னு பண்ணலக்கா நான். அவரைப் பிடிக்கணும்னுதான் பண்ணேன். நீ இதுல வந்து விழுவன்னு நினைக்கல. உனக்கு நிஜமாவே லேசாக் கேக்குதுன்னு இவ்வளவு நாள் நம்பிட்டிருந்தேன்.

— டேய், அப்படிப் பாக்காதடா.

— அன்னிக்கு?

— என்ன அன்னிக்கு?

— அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா?

— விடுடா அதை.

— சொல்லு.

— கேக்கல.

— ஒரு துளி கூட?

— ஒண்ணும் கேக்கல. மேடம்தான் முதல்ல ஆமான்னாங்க. சோடாபுட்டி அவங்க மூஞ்சியப் பாத்துட்டு ஆமான்னாரு. புல்லாங்குழல்காரர் கண்ணை மூடி, ஏதோ சுருதி பிடிக்கிற மாதிரி தலையாட்டினார். அடுத்து நான். அத்தனை பேரும் கேக்குதுன்ன அப்புறம், பொண்டாட்டி மட்டும் இல்லன்னு சொன்னா இவர் மானம் என்னாகறது? வாயில தானா வந்துடுச்சு. எனக்கு அடுத்து நீ நிக்கறன்னு அந்த நிமிஷம் நினைக்கவே இல்லடா. கூடப் பிறந்தவன் நிக்கறான்னு நினைப்பே வரல.

— நான் உன் மூஞ்சியத்தான்க்கா பாத்தேன். அவங்க எல்லாம் சொன்னப்போ பயமா இல்ல. சும்மா தலையாட்டறாங்கன்னு நினைச்சேன். நீயும் கேக்குதுன்னதும்தான் பயந்துட்டேன். அக்காவுக்கே கேக்குதுன்னா எனக்குத்தான் கோளாறு.

— அப்படிச் சொல்லாதடா.

— காது டாக்டர்கிட்ட போனேன் தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வெச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குன்னாங்க. தூக்கிட்டே இருந்தேன். காது கத்தி மாதிரி இருக்குன்னாரு. நான் நம்பல. வேற ஒருத்தர்கிட்டயும் போனேன். அவரும் அதையே சொன்னாரு. அப்பவும் நம்பல. இந்தக் காதை வெச்சுக்கிட்டு சவுண்டு வேலை செய்யக்கூடாதுன்னு கடையில போய், அடுத்தவன் கீபோர்டுல விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிட்டிருக்கேன்.

— காது டாக்டர்கிட்டயா போனான்?

— அவன்கிட்டயே கேளுங்க. என்னால இனிமே யார்கிட்டயும் எதையும் கேக்க முடியாது.

— எனக்குத் தெரியாது. அவன் வேற வேலை கிடைச்சுதுன்னு போயிட்டான்னு நினைச்சேன். காதுக்குப் பயந்து போனான்னு தெரியாது.

— ஏங்க, இப்பவும் கேக்குதா உங்களுக்கு? இந்தச் செத்த பெட்டியிலேர்ந்து?

— கேக்குது.

— அப்ப அது... உங்க காதுலயா?

— பல் பிடுங்கப் போனேன்ல, ஞாபகம் இருக்கா?

— அது மழைக்காலத்துல.

— ஆமா. நாற்காலியில சாய்ச்சு ஊசியப் போட்டாங்க. மரத்துப் போகட்டும்னு சொல்லிட்டு எல்லாரும் வெளிய போயிட்டாங்க. மெஷின் எதுவும் ஓடல. வாயைப் பொளந்துக்கிட்டு மேல கூரையப் பாத்துட்டுக் கிடக்கறேன். அங்கயும் கீ...ன்னுச்சு. நம்ம ஸ்டூடியோ சத்தம் எப்படி இங்க வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் தேடினேன். நாற்காலிக்கு அடியில கூட எட்டிப் பாத்தேன்.

— மழைக்காலத்துலேர்ந்தே தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— அந்த ரேடியோ?

— அந்த இரைச்சல்ல இது அமுங்கிடும். அமுங்கினாத்தான் தூக்கம் வரும்.

— அந்த மீன்?

— மீன் அதுக்கு முன்னாடி. அப்ப எனக்கு நிஜமாவே தெரியாது.

— ஸ்பீக்கர் மாத்தினது?

— அதுக்கு... அப்புறம்.

— கடவுளே! தெரிஞ்சுக்கிட்டேவா?

— எங்க நிறுத்தறதுன்னு தெரியலடி. நான் கேக்குதுன்னுட்டேன். நீங்க எல்லாரும் கேக்குதுன்னுட்டீங்க. அப்புறம் நான் போய், இல்லை, அது என் காதுலதான்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? காதை வெச்சுப் பிழைக்கிறவன் நான். காது போச்சுன்னு தெரிஞ்சா இந்தப் படி ஏறி எவன் வருவான்? அன்னிக்கே ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேக்கலன்னு சொல்லியிருந்தா...

— ஒருத்தன் சொன்னான்னு மாமாகிட்ட சொல்லுக்கா.

— அவர் காதுல விழுந்துச்சுடா.

— ஆமா. அவன் ஒருத்தன்தான் சொன்னான். ரூம்ல இருந்ததே ஒரே ஒரு காதுதான். அதைத்தான் நான் பட்டன் ஓட்டைன்னேன். வீட்டுக்கு வந்து கைகழுவறப்பவே மனசு அறுத்துச்சு. ஆனா சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, அதனால நான் சொன்னது சரின்னு நினைச்சுக்கிட்டேன். பல் டாக்டர் நாற்காலியிலதான் நான் அவனை என்ன பண்ணிட்டேன்னு புரிஞ்சுது. பல்லு வலி தெரியல. இது தெரிஞ்சுது.

— ஒரு போன் போட்டிருக்கலாமேங்க. 'தப்புடா'ன்னு ஒரு வார்த்தை.

— எடுத்தேன். எத்தனையோ தடவை போனை எடுத்தேன். ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன்.

— ரிங் போச்சுக்கா. சில நாள் ஒரு ரிங் வந்து நின்னுடும். நான் திருப்பிக் கூப்பிடல. திட்டறதுக்குத்தான் கூப்பிடறாருன்னு நினைச்சேன்.

— ரெண்டு பேரும் ஒரே மாதிரி. நடுவுல நான் ஒருத்தி, என்னைச் சொல்லணும். வாயை வெச்சுக்கிட்டு நானாவது ஒழுங்கா ஒரு உண்மையச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

— சரிக்கா. நான் பண்ணதும் சரியில்ல. ஆஃப் பண்ணிட்டு வந்து நின்னேன் பாரு, அது கேவலம். திருடனைப் பிடிக்கற மாதிரி மாமாவைப் பிடிச்சுட்டேன். பிடிச்சா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். கூசுது. நான் போய் யூ.பி.எஸ்ஸைப் போட்டுட்டுக் கிளம்பறேன்.

— டீ ஆறிக் கிடக்கு. சூடு பண்ணித் தரேன், குடிச்சுட்டுப் போடா.

— வேணாம்க்கா. இந்த அப்டேட்டும் வேணாம். பழைய ஓ.எஸ்.ஸே இருக்கட்டும், எக்கோ பிழைச்சுது. மாமாவை நல்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இதுக்கு ஏதாவது வழி இருக்கும். நம்பர் அனுப்பறேன். நாளைக்கு வர்றவங்களுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கோங்க.

— ஆமாங்க, அவங்களுக்கு என்ன சொல்றது? அது இருக்கட்டும், எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியல. சத்தம் உங்க காதுலன்னு மழைக்காலத்துலேர்ந்தே தெரியும். ஓ.எஸ். மாத்தினா அது போகாதுன்னும் தெரியும். எக்கோ போயிடும்னும் தெரியும். அப்புறம் எதுக்குங்க இந்த அப்டேட்? எதுக்கு இவனையே வரச்சொன்னீங்க, அவங்களையும் கூப்பிட்டீங்க?

— மச்சான், நில்லுடா... நாளைக்கு அப்டேட் முடிஞ்சதும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, 'சத்தம் சுத்தமாப் போயிடுச்சு, என் மச்சான் கை பட்டதும் போயிடுச்சு, இனிமே எவனும் இவனைப் பட்டன்னு கூப்பிடக்கூடாது'ன்னு அதே நாலு பேர் முன்னாடி சொல்லணும்னுதான்டா உன்னை வரச்சொன்னேன்.